சுவரைத் தின்ற வினாகிரி

களுவாஞ்சிக்குடிப் பிரதான வீதியில், தேத்தண்ணிக் கடையின் முன்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை, கடைசிப் பலகையைக் கையிற் பிடித்தபடியே அசையாமல் நின்றுவிட்டாள். கடையை ஒட்டி வீதியைப் பார்த்திருந்த அவர்களுடைய வீட்டுச் சுவரின் நட்டநடுவில் ஒரு பொடியனின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு மேலே சிவப்பெழுத்தில் வீரவணக்கம், கீழே கறுப்பெழுத்து. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. தாளின் அடியோரத்திலிருந்து வழிந்த பசை சுண்ணாம்பின்மேல் ஒரு நத்தை ஊர்ந்துபோன தடத்தைப் போல மினுங்கியது.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் மாசி மாதம். பகலில் படைமுகாமும் பொழுதுபட்டபின் போராளி இயக்கமும் அந்த வீதியை ஆண்ட காலம். ஆளுதல் என்ற சொல்லுக்கு நாம் படித்த பொருளில் இரண்டுமே ஆளவில்லை. சட்டம் மட்டும் போட்டன. எவனுடைய சுவரில் சுவரொட்டி காணப்படுகிறதோ அவனே அதற்குப் பொறுப்பு என்பது முகாமின் சட்டம். எவனுடைய சுவரிலிருந்து சுவரொட்டி கிழிக்கப்படுகிறதோ அவனே அதற்குப் பொறுப்பு என்பது இயக்கத்தின் சட்டம். தன் உழைப்பிலே சுவரெழுப்பித் தன் காசிலே சுண்ணாம்படித்த மனிதன், அந்தச் சுவரில் என்ன இருக்கலாம் என்று தீர்மானிப்பதைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் பொறுப்பாளியாக்கப்பட்டான். அந்த ஆண்டுகளில் இதைவிடப் பெரிய அநியாயங்கள் நடக்கவில்லையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒரு மனிதனை அவனுடைய சுவரைக் கொண்டே அடிப்பதும் அநியாயந்தான்.

அதே வீதியில் நாலு வீடு தள்ளியிருந்த சீனித்தம்பி, போன மாதம் தன் சுவரிலிருந்த சுவரொட்டியின்மேல் தென்னோலைக் கிடுகுகளை அடுக்கி மறைத்திருந்தான். ரோந்து வந்தவர்கள் கிடுகைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒட்டியிருந்ததற்கு ஓர் அடியென்றால் ஒளித்ததற்குப் பல. முகாமிலிருந்து திரும்பிவந்தபின் அவனுடைய வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலைமுடியைக்கூட மனைவிதான் வாரிவிடுகிறாள்.

"இஞ்ச வாங்க," என்று சீதேவிப்பிள்ளை உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "சத்தம் போடாம வாங்க."

அவளுடைய கணவன் நல்லரத்தினம் தேயிலை வடியைக் கையில் தூக்கியபடி வந்தான். பயம் வந்தால் பகிடி பேசுகிறவன் அவன். சுவரைப் பார்த்ததும் அவனுடைய முகம் வெளிறிப்போனது. வாய் மட்டும் வழக்கம்போல வேலை செய்தது.

"நம்மட சுவருக்கு நல்ல மதிப்பு இரிக்கி புள்ள. ஊரில எத்தின சுவர் கிடக்க, இதத்தான் தேடி வாறானுகள்."

"சும்மா பறையாதங்க. முகத்தப் பாருங்க."

அவன் கிட்டப்போய்ப் பார்த்தான். கீழேயிருந்த கறுப்பெழுத்தில் அவர்களுக்குத் தெரியாத ஏதோ ஓர் இயக்கப் பெயர். ஆனால் முன்பல்லிரண்டுக்கும் இடையிலுள்ள நீக்கலை அவர்கள் நன்றாக அறிவார்கள். பின்ஒழுங்கையில் குடியிருக்கும் இலட்சுமிப்பிள்ளையின் ஒரே மகன் தவராசா. இரண்டு வருடத்துக்கு முன் வயலுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவன், வாவி கடந்து படுவான்கரைக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்தான் என்று கேள்வி. அதற்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு சேதியும் இல்லை. இப்போது வந்திருக்கும் சேதியை இரண்டு பேரும் சுவரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவக்குத் தெரியுமா?" என்றான் நல்லரத்தினம்.

"தெரிஞ்சா நேத்து இடியப்பம் அவிச்சுக்கொண்டு வந்திருப்பாவா?"

கடைக்கு இடியப்பம் கொடுப்பவளே இலட்சுமிப்பிள்ளைதான். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்கதவால் வருவாள். இன்றைக்கும் வருவாள். பிள்ளையார் கோயில் மணி ஓய்ந்ததும் தெற்கேயிருந்து ரோந்தும் வரும்.

"கிழிச்சு அடுப்புக்குள்ள போடுவம்," என்றான் நல்லரத்தினம். "வாறது வரட்டும்."

"கிழிச்சா? பொழுதுபட வந்து ஆர் கிழிச்ச எண்டு கேப்பானுகளே, நீங்க என்ன சொல்லுவயள்? காத்தடிச்சுப் போச்செண்டா?"

"அப்ப விட்டுவைக்கட்டா? சீனித்தம்பிக்காவது தல வாரிவிட ஆளிரிக்கி. நீ எனக்கு வாரமாட்டா. உனக்குப் பொறுமை இல்ல."

சீதேவிப்பிள்ளையின் கண்கள் கடையின் மூலையிலிருந்த பெரிய சாடியில் நின்றன.

அந்தச் சாடியில் இருந்தது வினாகிரி. கடைச் சம்பலுக்குத் தினமும் உடைக்கிற தேங்காய்களின் தண்ணீரை அவள் வீணாக்குவதில்லை. சீனி கலந்து, துணியால் வாய்கட்டி வைத்தால், வாரங்கள் செல்ல அது புளித்து, மூக்கில் ஏறும் வினாகிரியாகும். முதலில் அச்சாறு போடத்தான் செய்தாள். வாவிக்கு அக்கரையில் இயக்கத்திடம் போய்ச் சேர்கிறதென்று சவுக்காரத்துக்கு முகாம் கட்டுப்பாடு விதித்த பிறகு, சாடி சமையலறையைவிட்டு வெளியே வந்தது. கிணற்று நீரால் கேத்தலின் அடியில் பிடித்த வெள்ளைப் பொருக்கை வினாகிரி கழற்றியது. மீன்வெட்டும் பலகையின் வெடுக்கை எடுத்தது. பணிசு வைக்கும் கண்ணாடிப் பெட்டியை மினுக்கியது. தேத்தண்ணிக் கறை பிடித்த கோப்பைகளைப் புதிதாக்கியது. வினாகிரியால் போகாத அழுக்கு இல்லையென்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். ஒருநாளைக்குத் தன்னையும் அதற்குள் ஊறப்போட்டுவிடுவாள் என்று நல்லரத்தினம் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

அச்சாறு விற்பதற்கு அவள் பழைய போத்தல்களை வாங்குவாள். அவற்றில் ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டினால் கந்தலாகும். சூடான வினாகிரித் துணியால் பொத்தி வைத்தால் பசை இளகி, தாள் முழுசாக உரிந்து வரும். அது இப்போது அவளுடைய நினைவுக்கு வந்தது.

"கிழிக்கவும் வேணாம், விடவும் வேணாம்," என்றாள். "கழட்டுவம். ரோந்து போனதும் காயவைப்பம். பொழுதுபட அதே இடத்தில ஒட்டுவம். பகல்ல வாறவனுக்கு அது இல்ல; இரவில வாறவனுக்கு அது இரிக்கி."

நல்லரத்தினம் அவளைப் பார்த்தான். பகிடி ஒன்றும் அவனுடைய வாயில் வரவில்லை. உள்ளே போய் அடுப்பை ஊதினான்.

தேத்தண்ணிக் கேத்தலிலேயே வினாகிரியைச் சூடாக்கினார்கள். ஆவி எழும்பியதும் கடை முழுவதும் கண்ணைக் கரித்தது. சீதேவிப்பிள்ளை பழைய சாரமொன்றை நாலாகக் கிழித்து, கேத்தலில் தோய்த்து, கை பொறுக்காத சூட்டோடு தாளின் மேல் விளிம்பில் ஒற்றினாள். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை சுலபத்தில் மசியவில்லை. அவள் ஒற்றினாள், அவன் மறுபடியும் தோய்த்துக் கொடுத்தான். வீதியில் எவருமில்லை. எதிர்வீட்டு யன்னலொன்று திறந்து, சுவரைக் கண்டு, மெதுவாகத் திரும்பவும் சாத்திக்கொண்டது.

ஒரு மூலை எழும்பியது. அவள் தோசைத் தட்டகப்பையின் தட்டையை அதற்குள் நுழைத்து, பிள்ளையின் காயத்துக் கட்டை அவிழ்ப்பதுபோல மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனாள். சிவப்பெழுத்து வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வரும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கடைசியில் தாள் முழுவதும், ஓரிடமும் கிழியாமல், அவளுடைய இரண்டு கைகளிலும் ஈரமாகத் தொங்கியது.

அதை உள்ளே கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் முகம் மேலே இருக்கப் பரப்பினாள். நிம்மதியோடு கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நல்லரத்தினம் சுவரின் முன் குந்தியிருந்தான்.

"புள்ள," என்றான். "சுவர் பொங்குது."

வினாகிரி ஊறிய இடமெல்லாம் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலச் சின்னச் சின்னக் குமிழிகளாக நுரைத்துக்கொண்டிருந்தது. நுரையோடு சுண்ணாம்பு கரைந்து பாலாக வழிந்தது. வழிந்த இடத்தில் சீமெந்தின் சாம்பல்நிறம் தெரிந்தது. போத்தற் கண்ணாடியை வினாகிரி ஒன்றும் செய்வதில்லை. சுண்ணாம்பை அது தின்னும் என்பதை அவர்கள் இருவருமே யோசிக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பூசிய வெள்ளையின் நடுவே, சுவரொட்டியின் அளவிலேயே, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல ஒரு நீள்சதுரம் இருண்டு நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரொட்டியைவிட அதுதான் பளிச்சென்று தெரிந்தது.

கிடுகால் மறைத்தவனுக்கே அந்தக் கதியென்றால், கழற்றி எடுத்து உள்ளே வைத்திருப்பவனுக்கு என்ன கதி? இனி சீதேவிப்பிள்ளையின் மனிதன் ஏன் ஒட்டவிட்டானென்று மட்டுமல்ல, எங்கே ஒளித்தானென்றும் கேட்பார்கள்.

"வெத்திலச் சுண்ணாம்பு கிடக்கு," என்றான் அவன். "பூசட்டா?"

"புதுச் சுண்ணாம்பு சதுரமாத் தெரியும். இதிலயும் மோசம்." அவள் கேத்தலைத் தூக்கினாள். "சதுரம்தானே நம்மளக் காட்டிக்கொடுக்கிற. சதுரத்தை இல்லாமச் செய்வம். முழுச் சுவரையும் கழுவுங்க. மாரி மழைக்குப் பாசி பிடிச்சதெண்டு சொல்லலாம்."

இருவரும் தேங்காய்த் தும்பை எடுத்துக்கொண்டு மாய்ந்து மாய்ந்து தேய்த்தார்கள். வினாகிரி முழங்கை வழியாக ஓடியது. சுவர் அங்கங்கே நுரைத்து, அங்கங்கே கறுத்து, தேமல் விழுந்த முதுகுபோலாயிற்று. சதுரத்தின் மேல்விளிம்பு அழிந்தது. வலப்பக்கம் அழிந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. இடப்பக்கத்துக் கீழ்மூலை மட்டும், ஒரு சாணளவு, கத்திபோல நேராக நின்றுகொண்டிருந்தபோது கேத்தல் வெறுமையாயிற்று. அதே வேளையில் வீதியின் வளைவில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

சீதேவிப்பிள்ளை முதுகைத் திருப்பி அந்த மூலையில் சாய்ந்துகொண்டாள்.

ரோந்தில் வந்தவர்கள் வீதியின் இரு கரையிலும் பிரிந்து நடந்தார்கள். முன்னால் வந்த கோப்ரல், கடையின் முன்னே நின்று, மூக்கைச் சுருக்கினான்.

"முதலாளி. என்ன மணம்? அசிட்?"

"இல்ல சேர். வினாகிரி. அச்சாறுக்குப் போடுற."

"அச்சாறு சுவருக்கா போடுறது?"

"பாசி சேர்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "மழைக்குப் பிடிச்ச. சவுக்காரம் கிடைக்குதில்ல. நான் எல்லாத்தையும் இதாலதான் கழுவுற."

கோப்ரல் சுவரைப் பார்த்தான்; ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவசரமில்லாமல் பார்த்தான். அசிட் என்ற சொல்லுக்கு அந்நாளில் குண்டு என்பதே பொருள். ஒரு போத்தல் அசிட்டுக்காக ஒருவனை வாகனத்தில் ஏற்றலாம்.

"உள்ளே பார்," என்று பக்கத்தில் நின்ற இளஞ்சிப்பாயிடம் சிங்களத்தில் சொன்னான். பிறகு நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பி, "அசிட் இல்லை என்றால் குடி," என்றான்.

சீதேவிப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னே சுவரின் மூலை. உள்ளே மேசையின்மேல் தாள். இரண்டையும் அவள் ஒருத்தியால் மறைக்க முடியாது. நல்லரத்தினம் அவளைப் பார்த்தான். கிளாசு எடுக்கிறவனைப்போல இரண்டெட்டு வைத்து, சாடியின் அடியிலிருந்ததை ஒரு கிளாசில் வடித்துக்கொண்டு வந்து, அவளைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு, அதே மூலையில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"நீ போய் அந்தத் தம்பிக்கு லைட்டப் போட்டுக் குடு," என்றான் அவளிடம். கோப்ரலைப் பார்த்துச் சொன்னான்: "கொஞ்சம் சீனி போட்டா நல்லம் சேர். பரவால்ல."

அவன் குடிக்கத் தொடங்கியதை மட்டும் அவள் கண்டாள். தொண்டைக்குமிழ் ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குமேல் பார்க்கவில்லை. சிப்பாயின் பின்னால் ஓடினாள்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்ததால் வினாகிரி ஆவி உள்ளே அடைபட்டுக் கிடந்தது. சிப்பாய் கதவைத் தள்ளியதும் இருமினான். சீதேவிப்பிள்ளை அவனுடைய தோளுக்கு மேலால் மேசையைப் பார்த்தாள். மேசை வெறுமையாக இருந்தது. ஈரம் மட்டும் சதுரமாக மின்னியது. மேசைக்கருகே நிலத்தில், மடியில் ஓலைப்பெட்டியை வைத்துக்கொண்டு, இலட்சுமிப்பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

அவள் பின்கதவால் வந்திருந்தாள். வந்தவள் மேசையில் என்ன கண்டிருப்பாள் என்பதைச் சீதேவிப்பிள்ளை அவளுடைய முகத்தில் கண்டாள். கண்ணீர் தாடைவரை ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் பூட்டுப்போட்டதுபோல இறுகியிருந்தது. இயக்கத்துக்குப் போன பிள்ளையின் சாவுக்கு அந்த நாட்களில் தாய் சத்தமாக அழுவதற்கில்லை. அழுத வீடு எது என்று முகாம் கேட்கும்.

"யார் இது?"

"இடியப்பம் கொண்டு வாறவ சேர். கடைக்கு."

"ஏன் அழுறது?"

சீதேவிப்பிள்ளை வாயைத் திறந்தாள். அதற்குள் இலட்சுமிப்பிள்ளையே பேசினாள். குரல் கரகரத்தது; ஆனால் நடுங்கவில்லை.

"வினாகிரிப் புகை தம்பி. உங்கட கண்ணும் கலங்கித்தானே இரிக்கி."

சிப்பாய் புறங்கையால் கண்ணைத் தேய்த்தான். மேசையின் கீழே குனிந்தான். மாச்சாக்குக்குப் பின்னால் பார்த்தான். அச்சாறுச் சாடியின் துணியை நீக்கி மணந்து முகத்தைச் சுளித்தான். பிறகு பெட்டியின் முன் குந்தி, மேலே மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினான். கீழே வாழையிலையின்மேல் இடியப்பங்கள் அடுக்காக இருந்தன. இலையின் ஓரத்தில், மடிந்த தாளின் ஈரவிளிம்பு ஒன்று ஒரு நூலளவு வெளியே தெரிந்தது. சீதேவிப்பிள்ளைக்கு அது மட்டுந்தான் தெரிந்தது. அறையில் வேறு எதுவுமே இல்லாததுபோலிருந்தது.

சிப்பாய் ஒரு இடியப்பத்தை எடுத்துக் கடித்தான். மென்றான். நிறுத்தினான்.

"புளி," என்றான்.

"ஓம் தம்பி," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "எல்லாத்திலயும் பிடிச்சிட்டு. இண்டைக்கு ஒண்டும் விக்கேலா."

அவளுடைய கை மிக இயல்பாகத் துணியை இழுத்துப் பெட்டியை மூடியது. அவன் மிச்சத்தை அடுப்படியில் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே வெளியே போனான்.

வெளியே கிளாசு காலியாக இருந்தது. நல்லரத்தினம் சுவரில் சாய்ந்தபடியே, கண்கள் சிவக்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். கோப்ரல் வெறுங்கிளாசை வாங்கி மணந்து பார்த்தான். நாளை வரும்போது சுவர் முழுவதும் வெள்ளையடித்திருக்கவேண்டும் என்றான். இப்படிப் புள்ளி புள்ளியாகப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றான். பிறருடைய சுவரின் அழகைப்பற்றி அத்தனை கவலை அவனுக்கு. சப்பாத்துச் சத்தம் வடக்கே தேய்ந்து மறைந்தது.

நல்லரத்தினம் சுவரைவிட்டு நகர்ந்தான். அவனுடைய சட்டையின் முதுகில் சுண்ணாம்புப் பாலும் வியர்வையும் ஒன்றாக ஒட்டியிருந்தன. வாய்க்காற்கரை வரைக்கும் போய் வாந்தியெடுத்தான்.

பழஞ்சோற்றுத் தண்ணீரைக் குடிப்பித்து அவனைப் படுக்கவைத்தபின் சீதேவிப்பிள்ளை சமையலறைக்கு வந்தாள். இலட்சுமிப்பிள்ளை இடியப்பங்களைக் கோழிக்குக் கொட்டிவிட்டுத் தாளை மறுபடியும் மேசையில் விரித்திருந்தாள். மடித்த கோடு மகனுடைய கன்னத்தின் குறுக்கே ஓடியது. அதை அவள் பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றபடி சீதேவிப்பிள்ளை பக்கத்தில் குந்தினாள். "எனக்கு எப்படிச் சொல்றதெண்டு தெரியல்ல. விடியத்தான் கண்ட நாங்க."

"எப்ப எண்டு போட்டிரிக்கி?"

"போன வெள்ளி."

"வெள்ளிக்கிழம நான் கோயிலுக்குப் போன," என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

வெகுநேரம் போனபின்தான் சீதேவிப்பிள்ளை சொல்லவேண்டியதைச் சொன்னாள். பொழுதுபடுவதற்குள் அதைச் சுவரில் ஒட்டவேண்டும் என்றாள். ஒட்டாவிட்டால் வந்து கேட்பார்கள் என்றாள்.

"தரமாட்டன்."

"அக்கா."

"அவன் இயக்கத்துக்குப் போன அந்தக் கிழமையே முகாம்காரன் வீட்டச் சோதிச்சான். அண்டைக்கு அவன்ட படமெல்லாத்தையும் நான்தான் எரிச்ச. பள்ளிக்கூடத்தில எடுத்த படம், திருவிழாவில எடுத்த படம், ஒண்டும் இல்ல. ரெண்டு வருசமா முகத்த நினைச்சு நினைச்சுப் பாக்கன். மூக்கு வந்தா கண் வருகுதில்ல." அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மழைக்கும் வெயிலுக்கும் விட இதத் தரமாட்டன்கா."

சீதேவிப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபமென்றே இன்றும் சொல்லவேண்டும்.

"உங்களுக்கு மகன். எனக்குப் புருசன். காலையில ஒருத்தன் ஊத்திக் குடிப்பிச்சான். பின்னேரம் மத்தவன் வந்து துரோகியெண்டு கூட்டிக்கொண்டு போனா, நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற? அவர் இண்டைக்குக் குடிச்சது இந்தத் தாளுக்காகத்தான்."

"தெரியும்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "பெட்டிக்குள்ள வச்சது நான்தானே. நான் போகமாட்டன். அவனுகள் வாறமட்டும் உன்ட கடையிலயே இருப்பன். கேக்கிறத என்னட்டக் கேக்கட்டும்."

அந்தப் பகல் ஊர்ந்தது. வந்தவர்களுக்குச் சீதேவிப்பிள்ளை தேத்தண்ணி ஊற்றினாள். கேத்தலை எத்தனை தரம் கழுவியும் தேத்தண்ணி புளித்தது; ஆனால் சுவரைப் பார்த்தவர்கள் எவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நல்லரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிவந்து கல்லாவில் இருந்தான். மூலையில் கிடந்த மரவாங்கில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, இலட்சுமிப்பிள்ளை இருந்தாள். பொழுது சாயச் சாய வீதி காலியானது.

மைம்மல் இருட்டில் ஒரு பொடியன் சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு வந்தான். சாரமும் முழுக்கைச் சட்டையும் உடுத்தியிருந்தான். ஹாண்டிலில் தொங்கிய பையிலிருந்து சுருட்டிய தாள்கள் எட்டிப்பார்த்தன. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை மணந்து, கல்லாவின் முன்னே நின்றான்.

"அண்ணன், இதில ஒண்டு ஒட்டினது."

"ஓம் தம்பி," என்றான் நல்லரத்தினம். தொண்டை வெந்திருந்ததால் குரல் காற்றாகவே வந்தது.

"எங்க இப்ப?"

நல்லரத்தினம் வாயைத் திறந்தான். சீதேவிப்பிள்ளை கேத்தலைப் பிடித்த கையை இறுக்கிக்கொண்டாள்.

"நான் எடுத்த," என்றாள் வாங்கிலிருந்து இலட்சுமிப்பிள்ளை.

பொடியன் திரும்பினான். "நீங்க ஆரு?"

"அதில நீங்க போட்டிரிக்கிற பேர் எனக்குத் தெரியா. தவராசா எண்டு நான் வச்ச பேர். நான் அவன்ட தாய்."

பொடியனுடைய கை பையின் வாயைத் தேடிப்போய் அதைப் பொத்திக்கொண்டது. பிறகு அவன், பாடமாக்கியதை ஒப்பிப்பவன்போலத் தொடங்கினான்.

"அம்மா, அது மக்களுக்காக ஒட்டுற. தனிப்பட்ட ஆக்கள் எடுக்கேலா. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாம்."

"ஆரிட்டச் சொல்ல?" என்றாள் அவள். "நீங்க எனக்குச் சொன்னயளா? போன வெள்ளி செத்திரிக்கான். ஊரிலிரிக்கிற சுவருக்கெல்லாம் சொல்லியிரிக்கயள். ஒழுங்கைக்குள்ள நாலு எட்டு வச்சுப் பெத்தவளுக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. நான் அவன மேசையில கண்ட, மனே. ஈரத்தோட."

பொடியன் நிலத்தைப் பார்த்தான். அவனுக்கும் தவராசாவின் வயதுதான் இருக்கும். பொறுப்பானவர்கள் வந்து சொல்லியிருக்கவேண்டும் என்று முணுமுணுத்தான். பாதை பிரச்சினை என்றான். முடிக்கவில்லை.

"இவங்கள ஒண்டும் கேக்காதங்க," என்றாள் அவள். "எடுத்தது நான். என்னக் கூட்டிக்கொண்டு போறெண்டா, வாறன். செருப்பு வெளியில கிடக்கு."

அவன் நின்ற நிலையில் நின்றான். சீதேவிப்பிள்ளை ஒரு வெறுந்தேத்தண்ணியை ஊற்றி அவன் முன்னே வைத்தாள். அவன் அதைக் குடித்தான், புளித்ததைப்பற்றி ஒன்றும் சொல்லாமல். பிறகு கல்லாவைப் பார்க்காமல், "நான் பொறுப்பாளருக்கு எழுதிக்குடுக்கிறன், தாய் எடுத்ததெண்டு," என்றான். "அண்ணனுக்கு ஒண்டும் வராது." சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே போனான். சுருட்டிய தாள்கள் பையில் அப்படியே இருந்தன. அவை அன்றிரவு வேறு எவருடைய சுவருக்குப் போயினவோ, அதைச் சீதேவிப்பிள்ளை நினைக்க விரும்பவில்லை; ஆனாலும் நினைத்தாள்.

கடைப்பலகைகளை மாட்டிவிட்டு மூவரும் உள்ளே வந்தார்கள். தாள் காயத் தொடங்கியிருந்தது. ஓரங்கள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன.

"இப்படியே வச்சா பழுதாகும் அக்கா," என்றாள் சீதேவிப்பிள்ளை. "புளிப்பு நிண்டா தாள அரிக்கும். போத்தல் தாள் அப்படித்தான் போற. நல்ல தண்ணியில அலசோணும்."

அகன்ற தாம்பாளத்தில் கிணற்று நீரை ஊற்றி, இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தாளை மெதுவாக அமிழ்த்தினார்கள். நீர் கலங்கியது. மாற்றினார்கள். மீண்டும் அமிழ்த்தினார்கள். நீருக்கடியில் அந்த முகம் அசைந்தது. இலட்சுமிப்பிள்ளை அப்போதுதான், நாள் முழுவதும் அடக்கிவைத்திருந்ததை, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சீதேவிப்பிள்ளை தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடிந்ததும் இலட்சுமிப்பிள்ளை கத்தரிக்கோல் கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"அவனுகள் சோதிக்க வந்தா இத என்னெண்டு சொல்ல? சட்டையும் வேணாம், பேரும் வேணாம்."

ஈரத்தாளைப் பலகையில் விரித்து, கழுத்தடியில், மிகவும் கவனமாக அவள் வெட்டினாள். சிவப்பெழுத்து ஒரு துண்டாகப் பிரிந்தது. இயக்கத்தின் கோடுபோட்ட சீருடைச் சட்டையும் கறுப்பெழுத்துப் பெயரும் இன்னொரு துண்டாகப் பிரிந்தன. நடுவில் மிஞ்சியது முன்பல்லில் நீக்கலுள்ள ஒரு பொடியனின் முகம் மட்டுமே. எந்தத் தாயின் வீட்டிலும் இருக்கக்கூடிய படம். அதைச் சுத்தமான வெள்ளைத் துணியில் ஒற்றி, வெறும் ஓலைப்பெட்டியின் அடியில் வைத்து மூடிக்கொண்டு, அவள் பின்கதவால் ஒழுங்கைக்குள் இறங்கினாள்.

மிச்சத் துண்டுகளைச் சீதேவிப்பிள்ளை அடுப்பில் போட்டாள். ஈரம் சீறியது, உடனே பற்றவில்லை. நல்லரத்தினம் பக்கத்தில் குந்தி, வெந்த தொண்டையோடு ஊதுகுழலை எடுத்தான். அவள் அதை அவனுடைய கையிலிருந்து வாங்கித் தானே ஊதினாள்.